பாதி வெட்டிய பதிவு

ஒடுகத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த உரக்கடையில் அன்பரசிக்குச் சம்பளம் ஒன்று, வேலை இரண்டு. வருகிற விவசாயிகளுக்குப் பூச்சி மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்; அது ஒரு வேலை. அவளுடைய எம்.எஸ்சி. வேதியியல் சான்றிதழ் சுவரில் தொங்க வேண்டும். அது இன்னொரு வேலை. படித்த ஆள் இருந்தால்தான் மருந்து விற்க லைசென்ஸ் கிடைக்கும் என்பதால், முதலாளி புருஷோத்தமன் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். தினமும் சாமிக்குக் காட்டுகிற ஊதுபத்தியைச் சான்றிதழுக்கும் ஒரு சுற்று காட்டிவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார்.

சம்பளமில்லாத மூன்றாவது வேலை ஒன்றும் இருந்தது. அதை அன்பரசி தானாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ‘மலையும் மண்ணும்’ என்று அவள் நடத்துகிற ஒரு வாட்ஸப் குழு. ஜவ்வாது மலைக் குக்கிராமங்களிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். சாமையில் குருத்துப் பூச்சி, புளியில் வண்டு, எந்த மருந்தை எதோடு கலக்கக் கூடாது என்று கேள்விகள் கொட்டும். அவளும் மலையில் பிறந்தவள். புத்தகத்து வேதியியலை ஊர்ப் பேச்சில் சொல்ல அவளைப் போல ஆள் இல்லை என்று பேர் எடுத்திருந்தாள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்துமிருந்தது.

குழுவில் ஒரே ஒரு விதி. தானியத்தில் பூச்சி வராமலிருக்கப் போடுகிற மாத்திரையைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசினால் அந்தப் பதிவு ஒரே நிமிடத்தில் காணாமல் போகும்.

அந்த விதிக்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அவளே அந்த மாத்திரையைப் பற்றி விலாவாரியாக எழுதியிருந்தாள். எத்தனை போடுவது, எப்படி மூடுவது, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பெரிய பதிவு. நானூறு பேர் கைகூப்பினார்கள். மறுநாளே கண்ணமங்கலத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர் மகள் உயிரை விடப் பார்த்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் போனில் அன்பரசியின் பதிவு பத்திரமாகச் சேமித்து வைக்கப்பட்டிருந்ததாம். “திட்றதுக்குக் கூப்புடலம்மா. இத எழுதினது யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அன்பரசி அன்றே பதிவை அழித்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அப்படித்தான் அதற்குப் பிறகு அந்தப் பேச்செடுத்தாலே அவள் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை வேடியப்பன் அனுப்பிய குரல் பதிவுக்கும் அதே கதிதான். புளியங்கொல்லை வேடியப்பன் அவளுக்கு முறையில் மாமா. எழுதத் தெரியாது, எல்லாம் குரல்தான். “வெதச் சாமையில பூச்சி வுழுது. தொம்பை வாய மூடப் போறேன். மாத்திர வாங்கியாந்து வச்சிருக்கேன், எத்தினி போடணும்?” கடையில் கூட்டம். முதல் பத்து நொடி கேட்டாள், மாத்திரை என்ற சொல் வந்ததும் அழித்தாள், யூரியா மூட்டைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்குக் குழுவில் ஒரு படம் வந்தது. கூடவே வேடியப்பனின் குரல். “இங்க யாரும் பதில் சொல்லல. வேற குரூப்ல நல்லா வெளக்கமா போட்டாங்க. நேத்தே அதும்படி போட்டு மூடிட்டேன். எல்லாருக்கும் உபயோகப்படுமேன்னு அனுப்பறேன்.”

தனக்குக் கிடைத்ததை ஊருக்கும் கொடுக்கிற மனசு. அழிக்கத்தான் அவள் விரலைக் கொண்டுபோனாள். படத்தின் மூன்றாவது வரி கண்ணில் பட்டது. ‘அப்புறம் பூச்சி பேர் சொல்லக்கூட மிஞ்சாது.’

அது அவள் எழுதிய வரி.

மூன்று வருடத்துக்கு முன் அழித்தாளே, அதே பதிவு. யாரோ அப்போதே படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது ஊர் ஊராகச் சுற்றி, பேர் உதிர்ந்து, கீழ்ப்பாதியும் வெட்டுப்பட்டு வந்திருந்தது. மேலே எத்தனை, எப்படி என்பது முழுசாக இருந்தது. கீழே அவள் எழுதியிருந்த எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. ஆள் புழங்குகிற இடத்தில் கூடவே கூடாது, பூண்டு வாசனை மாதிரி வந்தால் அந்த நொடியே வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதெல்லாம் நீளமாக இருக்கிறதென்று எந்தப் புண்ணியவானோ கத்தரித்துவிட்டான். அழித்ததில் எச்சரிக்கைதான் அழிந்தது. விஷம் அப்படியே ஊரில் உலாவிக்கொண்டிருந்தது.

வேடியப்பன் வீட்டுத் தொம்பை எங்கே இருக்கிறது என்று அன்பரசிக்குத் தெரியும். மூங்கிலால் பின்னிச் சாணி மெழுகிய, ஆளுயரத் தானியக் கூடு. வீட்டில் இருப்பதே ஒரு அறை; அதன் மூலையில் நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பிரசவத்துக்கு வந்த மகள் நதியாவின் குழந்தைக்கு அன்று இருபத்தெட்டாம் நாள் சடங்கு. தொம்பைக்கு எட்டடி தள்ளிச் சேலையில் ஏணை கட்டியிருந்தார்கள்.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. புளியங்கொல்லையில் டவர் கிடையாது. அரை கிலோமீட்டர் நடந்து ரோட்டு வளைவுக்கு வந்தால்தான் போனுக்கு உயிர் வரும். வேடியப்பன் அங்கே வந்து அனுப்பிவிட்டு அப்போதே திரும்பியிருப்பார்.

“சார், வண்டி சாவி வேணும். மலைக்குப் போகணும்.”

புருஷோத்தமன் விஷயத்தைக் கேட்டார். “அந்த மாத்திரைய நாம விக்கிறதே இல்லியே. நமக்கு இன்னா அதுல?”

“எழுதினது நான் சார்.”

அவர் ஒரு முறை சான்றிதழைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மலைப்பாதையில் முக்கால் மணி நேரம். வளைவுக்கு வளைவு அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைப் பிடிக்க ஓடுகிறோம் என்று நினைத்தாள். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். மார்கழிக் குளிர் அதற்குள் விழ ஆரம்பித்திருந்தது. வீட்டின் ஒரே ஜன்னலில் கோணிப்பை அடைத்திருந்தது. கதவும் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. பச்சை உடம்புக்காரிக்குக் காற்று படக் கூடாதாம்.

“வா அன்பு, இன்னா இந்நேரத்துல?” என்று வேடியப்பனின் மனைவி மங்கம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“அத்தை, நதியாவயும் கொழந்தையயும் வெளிய கூட்டியா. ஒடனே.”

“பைத்தியமா ஒனக்கு? பனி எறங்குது. பச்ச உடம்பு, ஜன்னி கண்டா நீயா பாப்ப?”

கொல்லையிலிருந்து வேடியப்பன் வந்தார். அன்பரசி மூச்சு விடாமல் சொன்னாள். மாத்திரை மாத்திரையாகவே இருக்காது, காற்றாக மாறும், அந்தக் காற்று பூச்சி எது பிள்ளை எது என்று பார்க்காது. அவர் முகம் இறுகியது.

“வாய மூடியாச்சு அன்பு. மூடின தொம்பைய அம்மன் பண்டிகைக்குத்தான் தொறக்கணும். நடுவுல தொறந்தா வெத தங்காது.”

“தொறக்கவே வேணாம் மாமா. தொறந்தா இன்னும் மோசம். சாமை உள்ளயே கெடக்கட்டும், நீங்க வெளிய வாங்க.”

“சாணி போட்டு மெழுகியிருக்கேன். எறும்பு கூட பூர முடியாது. அதுல எங்க காத்து வரும்?”

மங்கம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு நாத்தம் கூட இல்ல பாரு. மூடினதுலேர்ந்து வூட்டுக்குள்ள பத்தியத்துக்கு வறுத்த பூண்டு வாசனதான் கம்முனு கீது.”

அன்பரசி அவளையே பார்த்தாள். “எப்ப வறுத்த அத்தை?”

“நேத்து காலைல.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு வறுக்கல. பூண்டு தீந்துபோச்சு. மாமாவ ஒடுகத்தூர்லேர்ந்து...”

மங்கம்மாள் பாதியில் நிறுத்தினாள். நேற்றுக் காலை வறுத்த பூண்டு இன்று சாயங்காலம் வரைக்கும் மணக்காது என்பதற்கு எம்.எஸ்சி. தேவையில்லை. முப்பது வருடம் அடுப்பில் நின்றவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் முகம் வெளுத்தது.

“காலைலேர்ந்து தல வலிக்குதுன்னா நதியா. ஒரு வாட்டி வாந்தி எடுத்தா. பால் குடுக்கற அசதின்னு நெனச்சேன்.”

வேடியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். ஏணையோடு குழந்தையை அள்ளிக்கொண்டு வந்து அன்பரசியின் கையில் திணித்தார். பின்னாலேயே நதியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பனி, ஜன்னி எல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். புளி ஏற்ற வந்திருந்த சந்திரனின் வேனில் மூட்டைகளைத் தரையில் உருட்டிவிட்டு எல்லாரும் ஏறினார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்த மங்கம்மாள், கண்ணாடியை அவளே இறக்கிவிட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஒவ்வொருவருக்கும் நாடி பார்த்தார், நதியாவுக்கு ஆக்சிஜன் வைத்தார். இன்னொரு ராத்திரி அந்த வீட்டில் படுத்திருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று நேராகவே சொன்னார். குழந்தைக்குக் கெட்டது ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வேலூருக்கு அனுப்பி இரண்டு நாள் கண்காணிக்கச் சொன்னார். தீயணைப்பு நிலையத்துக்கும் அவரே பேசினார்.

காலையில் தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். அன்பரசியும் வேடியப்பனும் தூரத்தில் புளியமரத்தடியில் நின்றார்கள். தொம்பைக்கு முன்னால் அவர்கள் வேறொன்றைத்தான் வெளியே கொண்டு வந்தார்கள். காட்டுப்பூனைக்குப் பயந்து கோழிகளைத் தினமும் பொழுது சாய்ந்ததும் உள்ளே விட்டுத் தொம்பைக்குக் கீழே கூடை கவிழ்த்து மூடுவது மங்கம்மாளின் வழக்கம். நேற்றைய அமளியில் அதை யாரும் நினைக்கவில்லை. கோழிகள் வழக்கம்போலத் தாமாகவே உள்ளே போய் அடைந்திருக்கின்றன. தாய்க்கோழிகள் ஏழு, குஞ்சுகள் பதினொன்று. வரிசையாக வாசலில் போட்டார்கள். ஒன்றின் றெக்கைகூடக் கலைந்திருக்கவில்லை.

வேடியப்பன் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“நான் மொதல்ல ஒங்கிட்டதானே கேட்டேன்?”

“ஆமா மாமா.”

“ஏன் அழிச்ச?”

கண்ணமங்கலத்துப் பெண்ணைப் பற்றி அவள் சொன்னாள். கெட்டது நடந்துவிடக் கூடாதென்று பயந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“சரி. எத்தினி போடறதுன்னு சொல்லாத, அது நாயம்தான். எங்க படுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கலாமே அன்பு? அதுல யார் சாவப் போறாங்க?”

அழுகை வந்தது, அழுதாள். அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனார்.

மூன்றாம் நாள் நதியாவும் குழந்தையும் பாஞ்சாலி வீட்டுக்கு வந்து சேர்ந்த சேதி கிடைத்த பிறகுதான் அன்பரசி குழுவுக்கு எழுத உட்கார்ந்தாள். நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான். ‘ஆள் படுக்கிற வீட்டில் மாத்திரை வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் இப்போதே எல்லாரும் வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூண்டு வாசனை வந்தால் பூண்டு என்று நினைக்காதீர்கள்.’ எண்ணிக்கை இல்லை, முறை இல்லை. எந்தப் பக்கம் கத்தரித்தாலும் மிஞ்சுவது எச்சரிக்கையாகவே இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினாள்.

நானூறு பேர் இந்தத் தடவை கைகூப்பவில்லை, முப்பது பேர்தான். பன்னிரண்டாவது நிமிடம், பேர் போடாத ஒரு எண்ணிலிருந்து அவளுக்குத் தனியாக ஒரு கேள்வி வந்தது.

‘அக்கா அந்த மாத்திர எத்தன போடணும்?’

விரல் பழக்கத்தில் அழிக்கிற பொத்தானுக்குப் போனது. கேட்கிறவன் சாமை வைத்திருக்கிறவனா, கண்ணமங்கலத்துப் பெண்ணைப் போல் மனசு உடைந்த ஒருத்தியா, எப்படித் தெரியும்? எழுதிக் கேட்டுத் தெரிகிற விஷயமில்லை அது. கடையில் இரண்டு பேர் மருந்துக்குக் காத்திருந்தார்கள்.

“ஒரு நிமிசம் நில்லுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, அன்பரசி அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். எட்டாவது மணியில் எடுத்தார்கள். மறுமுனையில் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

“நான் அன்பரசி பேசறேன். மாத்திரைய அப்புறம் பேசலாம்” என்றாள் அவள். “மொதல்ல நீங்க எங்க கீறீங்க, கூட யார் கீறாங்க, அதச் சொல்லுங்க.”