மெரிவெதரை மறிக்கும் திட்டம்

சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெய்லா மெரிவெதரை யார் மறிப்பது என்பதற்கு மட்டும் எங்கள் பயிற்சியாளர் மார்லிஸ் ஹாகடோர்ன் நாற்பத்தொரு பக்கம் எழுதியிருந்தார். எதிரணியின் மற்ற நான்கு பேருக்கும் சேர்த்து அரைப் பக்கம். காரணம் இருந்தது. அயோவா மாநிலத்தின் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் அவளைப் போலப் புள்ளி குவிப்பவள் கிடையாது. போன வருடம் எங்களுக்கு எதிராக மட்டும் முப்பத்தெட்டு. துணைப் பயிற்சியாளனான நான் பக்கங்களை அச்செடுத்துப் பின் அடித்தேன்.

திட்டப்படி அவளை எங்கள் டெஸ்ஸா மறிப்பாள். டெஸ்ஸா களைத்தால் கொரின். மெரிவெதர் இடப்பக்கம் திரும்பினால் இருவரும் சேர்ந்து.

ஒத்திகைக்கு ஒரு மெரிவெதர் வேண்டுமே. மூன்று வருடமாக பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த பிரிட்டா ஓவர்கார்டுக்கு மெரிவெதரின் பதினொன்றாம் எண் போட்ட ஜெர்சியை மாட்டிவிட்டோம். பிரிட்டா கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறவள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மெரிவெதரின் ஆட்டங்களையெல்லாம் வீடியோவில் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை டெஸ்ஸாவைத் தாண்டித் தாண்டிப் பந்தைப் போட்டாள். செவ்வாய்க்கிழமை கொரினை. புதன்கிழமை இருவரையும் ஒன்றாக.

"என்னடி, பேய் பிடிச்ச மாதிரி ஆடுற?" என்றாள் டெஸ்ஸா, மூச்சிரைக்க.

"நீ என் கையையே பாக்குற. இடுப்பைப் பாரு, எங்க போவேன்னு தெரியும்."

"வாய மூடிட்டு ஆடுங்க, மாட்டு டாக்டரம்மா."

ஹாகடோர்ன் விசில் ஊதினார். திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் பிழை எதுவும் தென்படவில்லை.

"பிரிட்டா, இங்க வாம்மா. நீ மெரிவெதர் மாதிரி ஆடல."

"அவ ஆடுறத அப்படியேதான் ஆடுறேன், கோச்."

"கிடையாது. பதினேழாம் பக்கத்துல அவ இந்த இடத்துல தடுமாறுவான்னு போட்டிருக்கேன். நீ தடுமாறவே மாட்டேங்குற."

பிரிட்டா என்னைப் பார்த்தாள். நான் என் ஷூ கயிற்றைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை பிரிட்டா, திட்டம் சொன்ன இடத்திலெல்லாம் ஒழுங்காகத் தடுமாறினாள். திட்டம் அமோக வெற்றி. ஹாகடோர்ன் எல்லோருக்கும் பீட்சா வரவழைத்தார்.

மெரிவெதரிடம் மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை. சனிக்கிழமை முதல் பாதியிலேயே இருபத்து நான்கு புள்ளி எடுத்தாள். மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் டெஸ்ஸா ஐந்தாவது ஃபவுலோடு வெளியே வந்துவிட்டாள். கொரின் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டு ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பதினேழு புள்ளி பின்னால்.

"பிரிட்டாவை இறக்கலாம், கோச்," என்றேன்.

"திட்டத்துல அவ பேரே இல்லையே!"

"பேர் இருக்கிற ரெண்டு பேரும் இங்கதான் உக்காந்திருக்காங்க."

அவர் தாள்களை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, போகட்டும் என்பது போலக் கையை ஆட்டினார்.

பிரிட்டா இறங்கினாள். மெரிவெதர் கிளம்புவதற்கு முன்பே, அவள் போகவிருந்த இடத்தில் போய் நின்றாள். மறுபக்கம் திரும்பினால் அங்கேயும் நின்றாள். இரண்டு முறை பந்தைத் தட்டிப் பறித்தாள். கடைசிப் பத்து நிமிடத்தில் மெரிவெதருக்கு இரண்டே புள்ளி. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அப்படியும் மூன்று புள்ளியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது மெரிவெதர் பிரிட்டாவின் கையை விடவில்லை.

"யாரு நீ? இத்தனை நேரம் எங்கடி இருந்த?"

"பெஞ்சுல."

"நான் எந்தப் பக்கம் போவேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இப்ப சொல்ல முடியாது. மார்ச்சுல மறுபடி நம்ம ரெண்டு டீமும் ஆடணும்."

மெரிவெதர் வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு நிருபர்கள் சந்திப்பு. "ஓவர்கார்டைக் கடைசிவரைக்கும் ஒளிச்சு வெக்கணும்னு ஆரம்பத்துலேயே முடிவு பண்ணிட்டோம்," என்றார் ஹாகடோர்ன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, "அது யாரோட யோசனை?" என்று கேட்டார்.

"கோச்சோடதுதான்," என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.