உள்பக்கத்துப் பிடி

கற்பகம் அந்தக் குளிர்பெட்டிக் கதவின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை வழவழவென்று வெள்ளைத் தகடு. பிடி இல்லை, கொக்கி இல்லை. ஒரு கயிறு கட்டித் தொங்கவிடத் துளைகூட இல்லை. குளிர் தாங்காமல் வெளியே வந்து மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் மடக்கிப் பூட்டும் கைப்பிடி. கடலில் எந்தப் புயல் அடித்தாலும் திறக்காது என்று மலையாளிப் புரோக்கர் ரமேஷ்பாபு அந்தக் கம்பிகளைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ளேர்ந்து எப்படித் தொறக்கது?" என்று கேட்டாள்.

அவன் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் கணவன் முப்பிடாதியைப் பார்த்துச் சிரித்தான். "உள்ளேந்து ஆரு சேட்டா தொறக்கப் போறது? சரக்குதானே இருக்கும். சரக்கு கதவைத் தட்டுமோ?"

முப்பிடாதியும் சிரித்தான்.

காலையிலிருந்தே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. கதவு ரப்பர் வெடித்திருக்கிறதே என்று கேட்டது அவள். பதில் போனது முப்பிடாதிக்கு. உள்ளே மீன் வாடை அடிக்கிறதே, வைக்கப்போகும் இட்லி மாவில் ஏறாதா என்று கேட்டது அவள். கழுவினால் போய்விடும் சேட்டா என்றான் அவன். ஏலூர் தாண்டி, கண்டெய்னர் ரோட்டை ஒட்டிய அந்த யார்டில் கப்பலிலிருந்து ஓய்வு பெற்ற குளிர்பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. வெயிலில் தகரம் தகதகத்தது. கேள்வி கேட்கிற ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருப்பதே அந்த இரண்டு ஆண்களுக்கும் தெரியாதது போலிருந்தது.

மாவு அவளுடையது. தென்காசிப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்த முப்பிடாதியோடு கொச்சிக்கு வந்த புதிதில், ஒரே ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தவள் அவள். இப்போது கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். தோப்பும்படிக் கடைகளுக்கும் ஜூ டவுன் ஹோட்டல்களுக்கும் பாக்கெட் போகிறது. முப்பிடாதி கொத்துக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முதலாளி ஆகிவிட்டான். இந்தக் கோடையில்தான் எல்லாம் கெட்டது. இருந்த பிரிட்ஜுகள் வெக்கையைத் தாங்கவில்லை. மாவு பொங்கிப் பாக்கெட் உப்பி, கடை அலமாரியிலேயே வெடித்தது. புளிச்ச நாற்றத்தோடு சாக்குச் சாக்காகத் திரும்பி வந்ததை அவள்தான் ஓடையில் கொட்டினாள். குளிரறை கட்டுவது கைக்கு எட்டாத காரியம். கப்பலில் ஓடிய பழைய குளிர்பெட்டி, ரீஃபர் கண்டெய்னர் ஒன்றைக் கிட்டங்கி முற்றத்தில் இறக்கி, மூணு ஃபேஸ் லைன் இழுத்துவிட்டால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அதுவரை இருவருக்கும் ஒரே பேச்சாகத்தான் இருந்தது.

யார்டுக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது மூலையில் கிடந்த சின்னப் பெட்டி. பெயிண்ட் உரிந்து, அடியில் துரு ஏறியிருந்தது. ஆனால் கதவின் உட்புறத்தில் அமுக்கித் திறக்கிற குமிழ் ஒன்று இருந்தது. முப்பிடாதி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு இந்த நீளப் பெட்டி வேண்டும். புதுசு போலப் பளபளக்கிறது, பாதியில் மாவை வைத்துக்கொண்டு மீதியை மீன்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம். வாங்கப்போகும் பெட்டியைக் காட்டுவதற்காகவே கிட்டங்கியில் பாக்கெட் போடும் அக்கா மாயம்மாளையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்திருந்தான். "வந்து பாருக்கா, உள்ள வீடு மாதிரி இருக்கு" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். மாயம்மாள் வரவில்லை. கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை வெளியே வந்தபோதே பின்வாங்கி, வாட்ச்மேன் அறை நிழலில் போய் நின்றுகொண்டாள். இடது கையை வழக்கம்போல முந்தானையால் சுற்றியிருந்தாள்.

அந்தக் கையில் மூன்று விரல்கள் பாதியோடு நிற்கும். இறால் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது நடந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் குளிரறைக்குள் தட்டு அடுக்கப் போனவளைக் கவனிக்காமல் வெளியே யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். உள்பக்கத்து பட்டன் உடைந்து வெகுநாளாகியிருந்தது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அடுத்த ஷிப்ட்காரர்கள் திறந்தபோது அவள் கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தாளாம். சொல்லாமல் உள்ளே போனது அவள் தப்பு என்றது கம்பெனி. அன்று அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் முப்பிடாதி. சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத கற்பகம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவனோடு ஒரு ஆயுசு வாழ்ந்துவிடலாம் என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது.

"இது வேண்டாம்" என்றாள். "மூலையில கெடக்கதப் பாப்போம்."

"அந்தத் துருப்புடிச்சதையா?" என்றான் முப்பிடாதி. பிறகு ரமேஷ்பாபுவுக்குக் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினான். "ஒரு பிடிக்காகவா இம்புட்டு நல்ல சாதனத்த விடச் சொல்லுத?"

"பிடி வேணும்னா வெல்டரைக் கொண்டு வெச்சா மதி" என்றான் ரமேஷ்பாபு. "பின்னே செய்யலாம். தெரக்கு, அவசரம் ஒண்ணும் இல்லையல்லோ."

"அதான். பெறவு பாத்துக்கலாம்" என்றான் முப்பிடாதி. "ஒரு ஆளு வெளிய நிக்கணும். சொல்லிட்டு உள்ள போனா ஒண்ணும் ஆகாதுல்லா."

கற்பகம் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். பக்கத்து ரோட்டில் போய்க்கொண்டிருந்த லாரிகளின் இரைச்சல் நின்றுவிட்டது போலிருந்தது. சொல்லிட்டு உள்ள போனா. அதே வார்த்தை. அதைச் சொன்ன வாய்தான் வேறு. எப்போது மாறினான் இவன்? கிட்டங்கிச் சாவியை இடுப்பில் தொங்கவிட்ட அன்றா? வேலைக்கு வரும் பெண்கள் முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்த அன்றா? கூடவே இருந்தும் அவள் கவனிக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"இன்னொருக்கா சொல்லுங்க."

"என்னத்த?"

"இப்பச் சொன்னீங்கள்ல, அத. அந்த சூப்பர்வைசரும் இதத்தான சொன்னான். அவன் சட்டையப் புடிச்சது யாரு?"

ரமேஷ்பாபு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். முப்பிடாதியின் முகம் கறுத்தது. "நாலு பேரு முன்னால பேசுத பேச்சா இது?"

நிழலில் நின்ற மாயம்மாளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்தே சொன்னாள். "எனக்காகப் பாக்காண்டாம் தம்பி. நான் உள்ள போவல. வெளிய நின்னு பாக்கெட் எடுத்துத் தாரேன்."

அந்தத் தணிந்த குரல்தான் கற்பகத்தை இன்னும் எரியவிட்டது. இவள் ஒரு நாளாவது கத்தியிருக்கலாம். ஒரு நாளாவது அந்தக் கையை விரித்து யார் முகத்துக்கு முன்னாலாவது நீட்டியிருக்கலாம்.

"நீங்க போவலன்னா நாளைக்கு வேற ஒருத்தி போவா மதினி. அவ கையில உங்களுக்கு அக்கறை இல்லையா?" என்றாள். பிறகு முப்பிடாதியைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவனை ஒருமையில் அழைத்ததில்லை. "நீ உள்ள போ. போய் நின்னு காட்டு. நான் சாத்துதேன். ஒண்ணும் ஆகலன்னா இதையே வாங்கு."

ரமேஷ்பாபு போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் பார்க்கிறான் என்பதற்காகத்தான் முப்பிடாதி போனான். பெட்டியின் சக்தியைக் காட்டுவதற்காகக் காலையிலேயே அதை மைனஸ் பதினெட்டில் ஓட விட்டிருந்தார்கள். மெல்லிய சட்டையோடு, கைகளை வீசிக்கொண்டு, வரிவரியான அலுமினியத் தரையில் செருப்பு சத்தமிட நடுப்பெட்டி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி நின்றான். "சாத்துளா" என்றான் சிரித்துக்கொண்டே.

கதவில் ஒரு பாதி ஏற்கெனவே மூடியிருந்தது. மறு பாதியைத் தோளால் தள்ளினாள். அவ்வளவு கனமான கதவு மெத்தென்று போய் ரப்பரில் உட்கார்ந்தது. கைப்பிடியை மடக்கி அழுத்தினாள். அவன் சிரிப்பு கத்தரித்தது போல நின்றது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூன்று வீடு தள்ளி யாரோ சுவரில் ஆணி அடிப்பது போல மெலிதாகத் தட்டும் சத்தம். ரமேஷ்பாபு, "சேச்சி, மதி, போதும்" என்றான். அவள் கைப்பிடியில் முதுகைச் சாய்த்து நின்றாள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. உள்ளே இருக்கிற அத்தனை குளிரில் ஒரு பொட்டுகூட அவள் முதுகுக்கு வரவில்லை. தட்டல் வேகமானது. இன்னும் கொஞ்சம், என்று நினைத்தாள். தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தட்டும். யாருக்கும் கேட்காது என்று தெரிகிற வரைக்கும். "சேச்சி, களி வேண்டா, வெளையாட்டு வேண்டா" என்று ரமேஷ்பாபு கிட்டே வந்தான். அவள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான். தட்டல் இப்போது தாறுமாறாக விழுந்தது. திறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கைதான் அசையவில்லை. அசையாமல் இருப்பதில் ஒரு ருசி இருந்தது. அதையும் அவள் அறிந்தாள்.

யாரோ அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். சரளையில் விழப்போனவள் கையை ஊன்றிச் சமாளித்துத் திரும்பினாள். மாயம்மாள். முந்தானை கையை விட்டு நழுவித் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. பாதி விரல்களைக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்து, வலது கையால் மேலே பிடித்து, உடம்பு மொத்தத்தையும் கொடுத்து நெம்பினாள். அது திரும்பியது. கதவு விலகிப் புகை கிளம்பியது.

முப்பிடாதி கைகளை அக்குளில் செருகிக்கொண்டு வெளியே வந்தான். உதடு வெளுத்திருந்தது. கற்பகம் திட்டுக்காகக் காத்திருந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"ஒரே இருட்டுக்கா" என்றான் அக்காவிடம். "கதவு எந்தப் பக்கம்னே தெரியல."

மாயம்மாளுக்கு மூச்சு இரைத்தது. தம்பியின் தோளைத் தொடுவாள் என்று கற்பகம் நினைத்தாள். தொடவில்லை.

"ரெண்டு பேருக்கும் சொல்லுதேன்" என்றாள். அந்தக் குரலை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. "என் கையத் தூக்கிட்டு வந்து உங்க சண்டைக்கு நடுவுல வைக்காதீங்க. தம்பி, நீ அத மறந்துட்ட. கற்பகம், நீ அத வச்சு அவன அடிக்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு கற்பகத்தின் பக்கம் திரும்பினாள். "அவன் தட்டுனது உனக்குக் கேட்டுச்சுல்லா?"

கற்பகம் குனிந்து உள்ளங்கையில் ஒட்டிய சரளைத் தூளைத் துடைத்தாள்.

மாயம்மாள் முந்தானையை எடுத்து உதறித் தோளில் போட்டாள். கையைச் சுற்றவில்லை. யார்டு கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி, ஆட்டோ நின்ற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தாள். நீள லாரி ஒன்று அவளை ஒட்டிக் கடந்தது. அது போனபிறகும் அவள் அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தது தெரிந்தது.

"சேட்டா, கதவு..." என்று இழுத்தான் ரமேஷ்பாபு. யாரும் அதைச் சாத்தப் போகவில்லை. பெட்டியின் மறுகோடியில் இயந்திரம் குரலை உயர்த்தியது, அந்த யார்டு முழுவதையும், அதன் மேலிருந்த வெயிலையும் குளிர வைத்துவிடப் போவது போல. திறந்த வாயிலிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து சரளையில் இறங்கியது. அவர்கள் இருவரின் காலடிக்கு வந்து சேருமுன்பே கரைந்து போய்க்கொண்டிருந்தது.