குளத்து மண் முகங்கள்

கிடங்குச் சுவரில் விவசாயிகளின் படம் வரையப் போகிறார்கள் என்றதும் ஊரே பல்லைக் காட்டியது. எனக்கு மட்டும் சந்தேகம். ஆதாயம் இல்லாமல் எவன் ஆற்றோடு போவான்?

படம் வரையும் பெண் கூட்டத்தில் சொன்னாள்: "சோறு எங்கேருந்து வருதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும். கடைக் கலர் வேணாம். அவங்கவங்க வயல் மண்ணு ஒரு டப்பா கொண்டாங்க. சலிச்சு, பசை கலந்து, அதுலயே உங்க முகத்தை வரைஞ்சிரலாம்."

மண்ணா? படத்துக்கு மண் எதற்கு? பக்கத்து ஊரில் ஒரு கம்பெனிக்காரன் இப்படித்தான் மண்ணைப் பரிசோதிக்கிறேன் என்று வந்தான். மறுவருஷம் வயலெல்லாம் அவன் வேலிக்குள் போய்விட்டது.

முதல் ஆளாகத் தலையாட்டியவர் என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன். மாமனார் நிலத்தைப் பாகம் பிரித்த நாளிலிருந்து வரப்புக்காக எங்களோடு மல்லுக்கு நிற்கிறவர். மண் சலிக்கும் வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பாலுக்குப் பூனை காவல்!

என் வீட்டுக்காரர் ஆலை வேலை போய் ஊர் திரும்பியவர். மண்வெட்டி பிடிக்கவே இங்கே வந்துதான் பழகினார். "இவனெல்லாம் விவசாயியா" என்று டீக்கடையில் சிரித்தவர்கள் எதிரில் தன் முகம் சுவரில் வந்தே ஆகவேண்டும் என்று தவியாய்த் தவித்தார்.

"டப்பாவை நீயே நிரப்பிக் குடு. உனக்குத்தான் கைராசி," என்றார்.

எங்கள் வயலிலிருந்து ஒரு பிடி மண் வெளியே போக விடுவேனா? டப்பாவோடு நேராகக் குளத்துக்குப் போனேன். கரையெல்லாம் புதிதாகக் கொத்தின தடம். புதருக்குப் பின்னால் மிளகாய் போடும் பெரியவர் டப்பாவும் கையுமாகக் குந்தியிருந்தார்.

"ஆட்டுக்குத் தழை பறிக்க வந்தேம்மா," என்றார்.

"நானும் அதுக்குத்தான்," என்றேன். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் ஆடு கிடையாது.

படம் முடிந்த அன்று எல்லோரும் சுவர் முன்னால் கூடினோம். வரிசையாக ஒரே சாம்பல் நிற முகங்கள்.

"இத்தனை வயல், எல்லாம் ஒரே நிறம். அதிசயமான ஊருங்க," என்றாள் அந்தப் பெண். மிளகாய்ப் பெரியவர் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினார்.

இரண்டு முகங்கள் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தன. ஒன்று மூத்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர். இரண்டும் மாமனார் நிலத்து மண், அச்சு அசல்.

நான் கொடுத்ததோ குளத்து மண். மண் சலித்த மூத்தார்தான் எங்கள் வயலுக்குள் இறங்கியிருக்கிறார்.

வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். "இவ எடுத்துக் குடுத்த மண்ணு. எல்லாரும் ஏமாத்தியிருக்கீங்க. என் பொண்டாட்டி ஏமாத்தல."

மூத்தார் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக மடக்கினேன்.

"எங்க வயல்ல எதுக்கு இறங்குனீங்க?"

"உன் டப்பாவைத் தொறந்ததும் குளத்து வாடை அடிச்சுது. அதுல வரைஞ்சிருந்தா, அவன் பாத்ததும் கண்டுபிடிச்சிருப்பான். மனசு விட்டுப்போயிருக்கும்."

"அப்ப அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே. என் மானம் போயிருக்குமே. அதுதானே உங்களுக்கு வேணும்?"

"சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" சல்லடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "உன்னைக் கேக்காம எடுத்தது தப்புதான். ஆனா கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

சுவர்ப் பக்கமிருந்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், தன் முகத்துக்குக் கீழே என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள. நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அங்கேயே நின்றேன்.