அணைக்கக் கூடாத லாரி

அவருக்கு ஊரில் 'பஸ் ஸ்டாப்பு' என்று பெயர். பஸ்ஸுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சலவை நிலையத்தில் துவைத்த விரிப்புகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற லாரி அவருடையது. கனமான பையோடு யாராவது நடந்தால் நிறுத்துவார். சைக்கிள் செயின் கழன்று யாராவது குனிந்திருந்தால் நிறுத்துவார். நிறுத்தியதும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். வண்டியை உறுமவிட்டுக்கொண்டு ஒரு மனிதரிடம் பேசுவது, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதற்குச் சமம் என்பது அவர் எண்ணம்.

லாரிக்கு வயதாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அது விடும் கரும்புகை ஜன்னல் வழியாக வார்டுக்குள் போய், அப்போதுதான் விரித்த வெள்ளை விரிப்புகளின் மேல் படிந்தது. தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் அவரைக் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார். இனி ஒரு தடவை புகை வந்தாலோ, காலையில் விரிப்பு மாற்றும் நேரம் தவறினாலோ, இந்த வேலை புதிய வேன் வைத்திருக்கும் கம்பெனிக்குப் போய்விடும். அந்த ஒரு வேலையை விட்டால் லாரிக்குக் காயலான் கடைதான் கதி. லாரியை விட்டால் அவருக்கும் வேறு தொழில் தெரியாது.

அன்று சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னார். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த மச்சினியின் முகம் மட்டும் மலர்ந்தது. மனைவியின் தங்கையான அவள் சொந்தமாக ஒர்க்ஷாப் நடத்துகிறாள். டீசல் வண்டியைச் சமையல் எண்ணெயில் ஓடவைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. யாரும் தங்கள் வண்டியை அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளிடம் இருந்ததோ ஒரு ஸ்கூட்டர்.

மறுநாளே லாரியின் வயிற்றைப் பிரித்துவிட்டாள். பழைய டீசல் டேங்க் அப்படியே இருந்தது. பக்கத்தில் எண்ணெய்க்கு இன்னொரு டேங்க் வந்தது. இன்ஜினின் வெந்நீர் ஓடும் ஒரு குழாயை அதற்குள் சுருட்டி விட்டாள். எண்ணெய் சூடாக இருந்தால்தான் இளகி ஓடும். மீன் பொரிக்கும் கடையிலிருந்து பழைய எண்ணெய் வாங்கிவந்து, வீட்டுத் தலையணை உறைகளில் வடிகட்டினாள். ஓர் உறை அடைத்துக்கொண்டால் அடுத்தது. கடைசி உறையும் போனபோது அக்காக்காரி, "இன்னும் கொஞ்ச நாள்ல என் தலையையும் கேப்ப, வடிகட்ட" என்றாள்.

லாரிக்காரருக்கு அவள் சொன்ன பாடம் ஒன்றுதான். டீசலில் கிளப்ப வேண்டும். இன்ஜின் சூடானதும், இரண்டு டேங்குக்கும் பொதுவாக அவள் வைத்த பிடியைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றலாம். வண்டியை அணைக்கும் முன் மறுபடி டீசலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் தங்கிய எண்ணெயைக் கழுவிவிட வேண்டும். மறந்தால் குளிரில் எண்ணெய் மெழுகாகிவிடும்.

"மாமா, வழியில நின்னா நில்லுங்க. அது உங்க சுபாவம். ஆனா சாவியத் தொடாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் அவர்.

பரீட்சை நாள் வந்தது. பற்கள் தந்தியடிக்கும் குளிர். அவர் வழக்கம்போல் ஒரு கணம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு லாரியைக் கிளப்பினார். சூடானதும் எண்ணெய்க்கு மாற்றினார். கரும்புகை நின்றது. அதற்குப் பதில், அப்போதுதான் சட்டியிலிருந்து எடுத்த பொரித்த மீனின் வாசனை தெருவெல்லாம் பரவியது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு பூனை ஓடிவந்தது. அடுத்த தெருவில் அது கூட்டமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி மேட்டுக்குக் கீழே முடிதிருத்தும் கடை இருக்கிறது. அதன் இரும்புக் கதவு தினமும் பாதியில் மாட்டிக்கொள்ளும். கடைக்காரர் தினமும் அதோடு மல்லுக்கட்டுவார். லாரிக்காரர் தினமும் நிறுத்தி ஒரு கை கொடுப்பார். அன்றும் நிறுத்தினார். கடைக்காரர், "வாங்கண்ணே" என்றார். அவ்வளவுதான். கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது.

அன்று பார்த்துக் கதவு ரொம்பவே முரண்டு பிடித்தது. ஓரங்களில் சவர சோப்பைத் தடவி, இருவரும் முக்கி முனகித் தூக்குவதற்குள் நேரம் போய்விட்டது. முதல் வாடிக்கையாளர் உள்ளே உட்கார்ந்து, முகத்தில் ஒரு பக்கம் நுரையும் போட்டாயிற்று. லாரிக்காரர் திரும்பி வந்து சாவியைத் திருகினார். லாரி இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிறகு அதுவும் இல்லை. பூனைகள் சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

மச்சினிக்குப் போன் போட்டார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா, சாவியத் திருப்பினீங்களா?"

அவர் சாவியைப் பார்த்தார்.

"ஆள் யாரு?"

"முடிவெட்டுறவரு."

"உங்க மரியாதைய வெச்சு லாரி ஓட்டிட்டு வாங்க, பாப்போம்" என்றாள். திட்டி முடித்ததும் குரலை இறக்கி வழியும் சொன்னாள். டீசலுக்கு மாற்றிவிட்டு, எண்ணெய் உறைந்த வடிகட்டியையும் குழாயையும் சூடாக்க வேண்டும். நெருப்பு ஆகாது. சூடான துணி சுற்றினால் போதும்.

லாரியில் துணிக்கா பஞ்சம்? மடித்த விரிப்புகளும் துண்டுகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. லாரிக்காரர் அவற்றைப் பார்த்தார். அவை நோயாளிகளுக்குச் சொந்தம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளே போய், சவரத்துக்கு வைத்திருந்த சூடான துண்டுகளை ஆவி பறக்க அள்ளிக்கொண்டு வந்தார். "முகத்துக்குச் சுத்தறதுதானே? காட்டுங்க, இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?" என்றார்.

ஒரு துண்டு ஆறியதும் இன்னொன்று. உள்ளே காத்திருந்த வாடிக்கையாளர், தனக்கு ஆபீஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கி வந்தார். கடவுள் உதவி அனுப்பும்போது ஆளை அலங்கரித்து அனுப்புவதில்லை. சில நேரம் பாதி முகத்தில் நுரையோடே அனுப்பிவிடுகிறார். தெருவில் போனவர்கள் நின்று, லாரிக்கு எதற்குச் சவரம் என்று கேட்டார்கள். கல்யாணம் வைத்திருக்கிறோம் என்றார் கடைக்காரர்.

லாரி தும்மியது, இருமியது, ஓடத் தொடங்கியது. மேட்டில் பாதி ஏறியதும் அவர் பிடியைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றினார். புகை நின்றது. மீன் வாசனை திரும்பியது. பூனைகள் எழுந்து பின்னால் ஓடிவந்தன.

வாசலில் பெரிய சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். நேரம் தவறிவிட்டது. லாரிக்காரருக்கு இப்போதுதான் இன்னொன்று உறைத்தது. டீசலுக்கு மாற்றினால் வார்டு ஜன்னலுக்கு நேரே புகை வரும். மாற்றாமல் அணைத்தால் லாரி இங்கேயே மெழுகாகிவிடும். சிஸ்டர் ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்கவில்லை. அணைக்கும்படி கையைக் காட்டினார். ஒரு மனிதர் எதிரில் நின்று பேசும்போது இன்ஜினை ஓடவிட்டது லாரிக்காரர் வாழ்க்கையிலேயே அன்றுதான். வெட்கத்தில் காதெல்லாம் சிவக்க, கீழே இறங்கி இரு கைகளையும் கூப்பிக்கொண்டு கத்தினார்.

"மன்னிக்கணும் சிஸ்டர். அணைச்சா ஓடாது. டீசலுக்கு மாத்தினா புகை வரும். நான் மரியாதை தெரியாதவன் இல்ல."

ஆட்கள் விரிப்புகளை இறக்கும் வரை லாரி ஜன்னலடியில் ஓடிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் வேன் கம்பெனிக்குப் போன் செய்யத் திரும்பினார். அப்போது மேலே ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சியைக்கூடத் தொடாமல், கெஞ்சிய எல்லோரையும் அழவைத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரருடைய தலை அது.

"யாரும்மா மீன் பொரிக்கிறது? எனக்குப் பெரிய துண்டா ஒண்ணு சொல்லுங்க. பசிக்குது."

பெரிய சிஸ்டர் அண்ணாந்து பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார். பூனைகளையும் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முதலில் சமையலறைக்கு ஆள் அனுப்பினார். அப்புறம்தான் லாரிக்காரர் பக்கம் வந்து, காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"ஜன்னலுக்கு அடியில வேண்டாம். நாளையிலேர்ந்து கேட் ஓரமா நிறுத்துங்க. டீசலுக்கு மாத்தறத மேட்டுக்குக் கீழே போய் வெச்சுக்குங்க. நேரத்துக்கு வரணும், அது முக்கியம்."

திரும்பி நடந்தவர் நின்று, "பூனைக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணுங்க" என்றார்.

அன்று மாலை, எண்ணெய்க் கறை படிந்த சவரக்கடைத் துண்டுகளை லாரிக்காரர் சலவை நிலையத்தில் தன் கையாலேயே துவைத்தார். கறை போய்விட்டது. வாசனை போகவில்லை. முடிதிருத்துபவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சவரம் முடிந்து எழுந்திருக்கிறவர்கள் எல்லோரும் இப்போது நேராகச் சாப்பிடப் போகிறார்கள், அவ்வளவுதான். கதவு இன்னும் மாட்டிக்கொள்கிறது. லாரி நிற்கிறது, இன்ஜினை அணைக்காமல். "மன்னிக்கணும்" என்று கத்திவிட்டு அவர் இறங்கி வந்து கை கொடுக்கிறார்.