சின்ன ரீவியில் அருளையா

அடக்கம் முடிந்து பன்னிரண்டு வருடமாகியும் அருளையா மாலைதோறும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தார். அவரைக் காட்டிய நிலையமோ அடக்கத்துக்கு அடுத்த கிழமையே மூடப்பட்டுவிட்டது. துறைமுகத்தை அடுத்த வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் இருந்த அதைச் சனம் சின்ன ரீவி என்றது. அதன் அலை நாலு தெரு தாண்டாது. பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்து பார்த்தோம் என்றவர்கள் புளுகினார்கள். நாப்பொலிக்குப் போகும் கப்பல் ஊதினால் பேச்சு அடியோடு அமுங்கிவிடும். சனிக்கிழமைகளில் தமிழுக்கு அரை மணி நேரம் உண்டு. வீட்டுவேலை செய்யும் யோசப்பின் அதில் மரண அறிவித்தல் வாசிப்பாள்.

மரண அறிவித்தலில் ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டால் எங்கள் சனத்துக்கு அது சாவைவிடப் பெரிய இழவு. அருளையாவின் பிள்ளைகளை வாசித்தபோது மகன் ஸ்ரான்லியின் பெயர் தெளிவாகக் கேட்டது. மகள் கிளறாவின் பெயர் வந்தபோது கப்பல் ஊதிவிட்டது. கிளறா கத்தோலிக்க வீட்டில் பிறந்து சைவப் பெடியனைக் கட்டியவள். தமையன்தான் பெயரை வெட்டச் சொன்னான் என்று நம்பி, அன்றோடு அவனுடன் கதைப்பதை விட்டாள். திருத்தி வாசிக்க அடுத்த சனிக்கு நிலையம் இல்லை. டிஜிற்றலுக்கு மாற முடியாமல் மூடிவிட்டார்கள்.

அதன்பின் யோசப்பின் எந்த வீட்டில் வேலைக்கு நின்றாலும், கப்பல் புறப்படும் நேரத்துக்கு அந்த வீட்டு ரீவியில் அருளையா வந்தார். அறிவித்தலோடு காட்டிய, கழுத்துப்பட்டி கட்டிய அதே படம். வாய் மட்டும் பாதி திறந்திருந்தது. அணைத்தாலும் போகமாட்டார். வீட்டுக்காரச் சிஞ்ஞோராமார் ஒருவர் பின் ஒருவராகப் பயந்து அவளை வேலையால் நிற்பாட்டினார்கள். கடைசிச் சிஞ்ஞோரா, மாதம் முடியுமுன் ஒன்றில் அந்த ஆள் போகவேண்டும், அல்லது நீ போகவேண்டும் என்றாள். வேலை போனால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்க முடியாது. துணி மடிக்கும்போதும் யோசப்பினின் காது துறைமுகப் பக்கமே கிடந்தது.

மொண்டெல்லோவில் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்த கிளறாவிடம் போனாள். முன்பும் போயிருக்கிறாள்; கிளறா முகம் கொடுக்கவில்லை.

"உன்ரை பேரை வாசிச்சனான் பிள்ளை. கப்பல்தான் விழுங்கிப்போட்டுது."

"இப்ப கப்பலிலை பழி போடுறியளோ, அக்கா?"

"நம்பவேண்டாம். ஒருக்கா வந்து ரீவியிலை கொப்பரைப் பார்."

சண்டை பிடிக்கத்தான் கிளறா வந்தாள். சிஞ்ஞோராவின் ரீவியில் தகப்பனைக் கண்டதும் கதிரையில் இருந்துவிட்டாள். யோசப்பின் ரீவிக்கு முன்னால் நின்று, அந்த அறிவித்தலை முதலிலிருந்து மனப்பாடமாகச் சொன்னாள். ஸ்ரான்லியின் பெயர் முடிய, கப்பல் ஊதியது. அருளையா பொறுமையாக இருந்தார். ஊதல் ஓய்ந்ததும், அவள் வாய் திறக்குமுன், "கிளறா" என்று தானே சொல்லி வாயை மூடிக்கொண்டார். படம் மங்கி மறைந்தது.

யோசப்பினின் வேலை நிலைத்தது. மாலையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று இப்போது சிஞ்ஞோராவுக்குக் குறை.

அன்றே கிளறா தமையனுக்குப் போன் எடுத்து, "அப்பா என்ரை பேரைச் சொன்னவர்" என்றாள்.

ஸ்ரான்லி, "எந்தச் சனலிலை?" என்று மட்டும் கேட்டான்.