அபூதாஹிர் பூட்டிவிட்டுப் போனது

திரை மறுபடியும் ‘பெர்மிஷன் டினைட்’ என்றது. கணினி வைத்தியன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் எனக்கே அனுமதி இல்லையாம். பக்கத்துக் கதிரையில் ஸல்ஹா ராத்தா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். கணவர் மௌத்தாகி, துக்கம் காக்கும் இத்தா முடிந்து வெளியே வந்த நாளிலிருந்து இந்த மீனவர் சங்கத்துக்கு நடக்கிறார். படகு இப்போது அவருடையது. அதை ஓட்டும் மஹ்ரூப் இறங்குதுறையில் காத்து நிற்கிறார். சங்கம் அச்சடித்துத் தரும் பாஸ் இல்லாமல் நேவிக் காவலைத் தாண்ட ஏலாது.

செயலாளர் அபூதாஹிர் மக்காவுக்கு உம்ரா செய்யப் போயிருந்தார். லீவில் போகிறவர் அலுமாரியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவது இங்கே வழக்கம். மனிதர் கணினியையும் அலுமாரிக் கணக்கில் சேர்த்து, பாஸ் கோப்புகளை எல்லாம் தன் பெயருக்கு மாற்றி, வேறெவரும் தொடமுடியாதபடி பூட்டிவிட்டுப் பறந்திருக்கிறார். என்ன பொறுப்பு!

நிர்வாக அதிகாரம் கேட்டுக் கட்டளையைத் தட்டினேன். உனக்கு அந்த உரிமை இல்லை, இது முறையிடப்படும் என்றது. யாரிடம்? மக்காவிலிருக்கும் அபூதாஹிரிடமா? கணினிப் பெட்டியைத் தூக்கித் துறைமுகத்தில் போடலாம் போலிருந்தது. ஆனாலும் விசைப்பலகையை மெதுவாகத்தான் தட்டினேன். உடைந்தால் நான்தான் திருத்த வேண்டும்.

தலைவர் கலீலுர் றஹ்மான் எட்டிப் பார்த்தார். “எல்லாருக்கும் திறந்து உட்டிருங்களன், தம்பி. அனுமதி நம்பருக்கு மூணு ஏழு போட்டாச் சரியாமே.”

“அது வீட்டுக் கதவைக் கழட்டித் தெருவில வைக்கிற வேலை, ஹாஜியார். தலைவர்ட பாஸ்வேர்ட்டுக்கும் அந்த அதிகாரம் இருக்கு. உங்கட பாஸ்வேர்ட்டைப் போடுங்கோ, காணும்.”

கையால் மறைத்துக்கொண்டு போட்டார். கோப்புகளை அபூதாஹிரிடமிருந்து மீட்டு, சங்கத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும் எழுதும்படி மாற்றினேன். செயலி திறந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ஸல்ஹாவின் பெயரை அடித்தேன். அது ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

மறுப்பு பின்னால் நின்ற தலைவரிடமிருந்து வந்தது. “கொஞ்சம் பொறுங்க. பொம்புளைட பேரில இதுவரைக்கும் பாஸ் குடுத்ததில்ல. கமிட்டில கதைக்கணும்.”

“எப்ப கமிட்டி?” என்றேன்.

“அபூதாஹிர் வந்த பொறகு.”

ஸல்ஹா ராத்தா தலையை நிமிர்த்தினார். “இந்தப் போட்டை வாங்கக்குள்ள என்ட காப்பைத்தான் வித்த, காக்கா. அப்ப ஒரு கமிட்டியும் கூடல்லயே.”

என் நெஞ்சில் பெரிய மேடைப்பேச்சு ஒன்று திரண்டது. வெளியே வந்தது இவ்வளவுதான்: “ஹாஜியார், பூட்டினவர் ஒராள்தான் எண்டு நினைச்செல்லோ இவ்வளவு நேரம் மினக்கெட்டனான்.”

நான் எழுந்து என் கதிரையை ராத்தாவின் பக்கம் திருப்பினேன். “இந்தப் பிரிண்ட் பட்டனை ஒருக்கா அமத்துங்கோ.”

ஒற்றை விரலால் அமத்தினார். பிரிண்டர் இருமி இருமி ஒரு தாளைத் துப்பியது. அதை எடுத்து, மை காய ஊதி, தலைவரின் முன்னால் வைத்தார். கையெழுத்துக்கான கோடு வெறுமையாகக் கிடந்தது. தலைவரின் கை சட்டைப்பைக்குப் போய், பேனாவின் மேலேயே நின்றது.

இறங்குதுறையில் மஹ்ரூப் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது.