அண்ணனின் இருபத்திரண்டாவது ராஜினாமா

1

இந்தக் கதை பிறந்தது தேநீர் இடைவேளையில். அதாவது, இப்போது. பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, அதன் பின்பக்கம் காலி, எனக்கோ யார் முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லை. கதை எழுத வேறு காரணம் வேண்டுமா என்ன?

முதலில் தொடக்கம். "ஆட்டிசம் ஆய்வுகளுக்குத் துணைநிற்கும் அந்தத் தொண்டு நிறுவனத்தின் தலைவர், ஒரு பெரிய மரம்போல…" வேண்டாம். அண்ணனை மரம் என்றால் அடுத்த வரியில் வேர், நிழல், பறவைகள் எல்லாம் வந்து குந்திக்கொள்ளும்.

"தலைவரின் மகள் ஜன்னலோரம் அமர்ந்து ரயில் நேரங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு…"

(எனக்கு ரயிலே பிடிக்காது சித்தப்பா. வேற எழுதுங்க.)

அடைப்புக்குறிக்குள் இருப்பது அவள் கையெழுத்து. என் அண்ணன் மகள். இருபத்தேழு வயது, ஆட்டிசம் உள்ளவள், இந்த வருடம்தான் நிர்வாகக் குழுவில் சேர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு நான் எழுத எழுதப் படிக்கிறாள். எந்த எழுத்தாளனுக்கும் இப்படி ஒரு கதாபாத்திரம் வாய்க்கக் கூடாது.

2

அவளுக்கு ஐந்து வயதானபோது அண்ணன் தொடங்கிய நிறுவனம் இது. அன்றிலிருந்து அவர்தான் தலைவர். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தழுதழுத்த குரலில் ராஜினாமா செய்வார். "நான் விலகிக்கிறேங்க. புதுசா யாராவது வரட்டும்." உடனே குழு பதறும். குழந்தை மருத்துவர், "ஐயோ, நீங்க இல்லாம எப்படி?" என்பார். செயலாளர் ராஜினாமாவை ஏற்க மறுத்து ஒரு தீர்மானம் வாசிப்பார்.* எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடுவதால் அவர் பெயரே எங்களுக்குள் தீர்மானம்தான். "உங்க அன்புக்குக் கட்டுப்படறேன்" என்று அண்ணன் உட்காருவார். அப்புறம் பிஸ்கட்.

*பல வருடத்துக்கு முன் தட்டச்சு செய்தது. தேதியை மட்டும் மாற்றுவார்.

இன்றும் கண்ணாடி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மருத்துவர் "ஐயோ"வுக்கு வாயைத் திறப்பதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

"சரிப்பா. ராஜினாமாவை ஏத்துக்கலாம்னு முன்மொழியறேன்."

பாவம், வழக்கம் தெரியாத பிள்ளை என்று நினைத்தோம். தீர்மானம் குனிந்து, "அம்மாடி, அப்பா சும்மா…" என்று ஆரம்பித்தார்.

"சும்மான்னு தெரியும் சார். நான் சும்மா சொல்லல."

விதிப்படி இன்னும் ஒரே ஒருவர் கை தூக்கி வழிமொழிந்தால் போதும், ராஜினாமா செல்லும். அந்த விதியை எழுதியது அண்ணன். எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார். ஆளாளுக்குக் கையை மேசைக்கு அடியில் இறக்கினார்கள். பிறகு தீர்மானம் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த தீர்மானத்தை முன்வைத்தார்: "டீ."

3

(காரணத்தை நீங்க எழுதலையே. படிக்கிறவங்க என்னை வில்லின்னு நினைப்பாங்க.)

எழுதுகிறேன். அவள் இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறாள். அவளைப் போன்ற பெரியவர்கள் ஏன் தூங்குவதில்லை என்று ஒரு ஆய்வு வேண்டும் என்று ஆறு வருடமாகக் கேட்கிறாள். அண்ணன், "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா கண்ணு" என்கிறார். எங்கள் ஆய்வுகள் எல்லாமே குழந்தைகளைப் பற்றியவை, கேள்விகள் எல்லாமே பெற்றோரிடம் கேட்பவை. அண்ணனுக்கு அவள் இன்னும் ஐந்து வயதுப் பிள்ளை.

ஆனால் யாருமே காது கொடுக்காத காலத்தில், ஒரு கையில் கோப்பும் மறு கையில் அவளுமாகக் கதவு கதவாகத் தட்டியவர் அவர். எனக்கு அவர்மேல் உயிர். இதை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

(எனக்கும்தான். அப்பாவைப் பிடிக்கும். தலைவரைத்தான் பிடிக்கல.)

4

முடிவு ஒன்று: அண்ணன் கண்கலங்கி மகளைக் கட்டிக்கொள்கிறார்.

(கட்டிப்பிடிச்சா எனக்கு ஆகாது. அப்பாவுக்கு அது தெரியும். உங்களுக்குத்தான் தெரியல.)

அந்த வரியை அடித்துவிட்டேன். முடிவு இரண்டு: மருத்துவர் துணிந்து வழிமொழிகிறார். எதற்கும் நிமிர்ந்து பார்த்தேன். மருத்துவர் பிஸ்கட்டில் உள்ள ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இதுவும் தேறாது.

முடிவு மூன்று: இடைவேளை முடியவே இல்லை. எல்லோரும் டீ குடித்துக் குடித்தே…

(போன வாரம் என்கிட்ட, "உங்கப்பா இருந்தது போதும்மா"ன்னு சொன்னது யாரு?)

ஆசிரியர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை. அவரும் குழு உறுப்பினர்தான் என்பதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் விட்டார்.

5

தீர்மானம் மணியைத் தட்டிவிட்டார். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. "வழிமொழியறவங்க யாராவது இருந்தா கை தூக்கலாம்," என்கிறார் கூரையைப் பார்த்து. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், தம்பி இருக்கிறான் என்ற தைரியத்தில். அவளும் என்னைத்தான் பார்க்கிறாள். அவள் கண்ணுக்குக் கீழே எப்போதும்போல் கருவளையம்.

வாசகரே, நீங்களே சொல்லுங்கள், நான் எப்படிக் கை தூக்குவேன்? எழுதிக்கொண்டிருக்கிறேனே! பேனா வலது கையில் இருக்கிறது. கதை முடியும்வரை கை காலியில்லை. ஆகவே இந்தக் கதையை நான் முடிப்பதாக இல்லை. வேண்டுமானால் நீங்கள்

(இடது கை சும்மாதானே இருக்கு, சித்தப்பா.)